பிச்சையன் ஒன்றும் செய்யமாட்டான்

டர்பன் துறைமுகம்
12.03.1978

அன்பின் குணம்,

நான் சுகம். கடற்காற்றும் யாகப்புவின் சமையலும் சேர்ந்தும் என்னை இன்னும் கொல்லவில்லை. நீரும் குழந்தையும் என் அக்காவும் சுகமாயிருக்கச் சந்நிதியான் துணை நிற்கட்டும்.

தந்தி நேற்றுத்தான் கையில் கிடைத்தது. தை மாதம் பிறந்தவனை அவன்ரை தகப்பன் பங்குனியில் அறிகிறான், பாரும். சூசைதாசன் என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். எஞ்சின் அறைக்குள் இருந்த கிரேக்கன்கூட வந்து கை தந்தான். எனக்கு மகன். பத்துத் தரம் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இனி ஒரு விஷயம். இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. எங்கள் ஞானத்துக்கு என்ன நடந்ததென்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. சந்நிதித் தேரன்று அவளைத் தோளில் வைத்துக்கொண்டு, பத்து மாதத்தில் ஓடுகிறாள் என்று கண்டவனுக்கெல்லாம் சொன்னவன் நான். மணலில் இறக்கி ஓடவிட்டும் காட்டினேன். எத்தனை கண், எத்தனை வாய். அடுத்த கிழமை காய்ச்சல் வந்தது. அதற்கடுத்த கிழமை எங்களுக்குப் பிள்ளை இல்லை. டாக்குத்தர் எதையும் சொல்லட்டும், அது நாவூறுதான். என் நாக்கே பட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கப்பலில் ஒரு கடிதம் வந்தால் அது ஒருவனுக்கு வந்ததாக இருக்காது. எங்கடை ஆட்கள் எல்லாரும் சமையலறையில் கூடிவிடுவார்கள். உரத்து வாசிக்க வேண்டும். கடிதம் வராதவனுக்கும் ஒரு வீடு வேண்டுமே. ஒளித்து வாசித்தால் மனவருத்தம் வரும். ஆகையால் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல சொல்லும் எழுதக் கூடாது. எல்லாவற்றையும் மாற்றி எழுதும். வெள்ளை என்றால் கறுப்பு என்று எழுதும். சிரித்தால் அழுகிறான் என்று எழுதும். நான் திருப்பிப் போட்டு வாசித்துக்கொள்வேன். பெயரைக்கூட எழுத வேண்டாம். ஒரு வயது வரைக்கும் படமும் எடுக்க வேண்டாம்.

என் ஒப்பந்தம் வாற மாசியோடு முடிகிறது. அவன் நடந்து வந்து படலை திறக்க நான் உள்ளே வருவேன்.

அன்புடன்,
இராசநாயகம்


தொண்டைமானாறு
20.04.1978

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மச்சாளும் சுகம். கடலில் இருக்கிற உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வெள்ளிக்கிழமை தோறும் சந்நிதியில் கற்பூரம் கொளுத்துகிறோம்.

உங்கள் கட்டளைப்படி எழுதுகிறேன். கூட்டம் கூடிவிட்டதோ? சூசைதாசன் அண்ணை முன்னுக்கு இருக்கிறாரோ? சரி, கேளுங்கள்.

பிறந்தது ஒரு கரிச்சட்டி. மூக்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பால் குடிக்கத் தெரியாது, பாதி கடைவாயால் போய்விடும். தலை நிற்காது. உள்ளங்கையில் விரலைக் கொடுத்தால் பிடிக்கமாட்டான். என்னைக் கண்டால் சிரிக்கமாட்டான். இப்படி ஒன்றைப் பெற்றதற்கு நான் வெட்கப்படுகிறேன். போதுமோ?

மச்சாள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டா. பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவிடம் பிள்ளையை விற்று, ஒரு சுண்டு தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினோம். அதனால் வீட்டில் அவனுக்குப் பெயர் பிச்சையன். உங்கள் அப்பாவின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் பத்திரமாக இருக்கிறது.

போன கிழமை அச்சுவேலி கிளினிக்குக்குப் பிள்ளை நிறுக்கக் கொண்டுபோனேன். அங்கே நீங்கள் ஒருதரம் வந்து நிற்க வேண்டும், சிரித்தே வயிறு நோகும். மருத்துவிச்சி மக்டலீன் அக்கா ஒவ்வொருத்தியாகக் கேட்பா. "பிள்ளை என்ன செய்யிறான்? முகம் பாக்கிறானோ? தலை தூக்கிறானோ?" ஒருத்தியும் ஓமென்று சொல்லமாட்டாள். "எங்கை அக்கா, உவன் ஒண்டும் செய்யமாட்டான். சும்மா கிடக்கிறான்." அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மடியில் இருக்கிறது மக்டலீன் அக்காவின் மணிக்கூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். அக்காவும் சிரித்துக்கொண்டு எல்லாம் சரியென்று அட்டையில் கோடு போட்டுவிடுவா. இல்லை என்றால் ஓம் என்று அவவுக்குத் தெரியும்.

என்னிடமும் கேட்டா. நானும் அதே ராகத்தில் சொன்னேன். எனக்கும் சரி போட்டா.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மழையில் நனைந்து வேலை செய்ய வேண்டாம்.

உங்கள்
குணலட்சுமி


மார்செய் துறைமுகம்
09.06.1978

அன்பின் குணம்,

உம்முடைய கடிதத்தைக் கண்டதும் எனக்கிருந்த தடிமலும் பறந்துவிட்டது. உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் நான் இங்கிருந்தே கும்பிடுகிறேன்.

இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்கள். நான் ஒரு வரி வாசிக்க, சூசைதாசன் எழும்பி நின்று மொழிபெயர்க்கிறான். "தலை நிக்காதாம்! அப்ப தலையைத் தூக்கிப் படலையைப் பாக்கிறான். விரலைப் பிடிக்கமாட்டானாம்! அப்ப பிடிச்சால் விடுறானில்லை. ஐயோ, சுக்கானைக் குடுங்கோ அவனிட்டை!" யாகப்பு ரவையும் சீனியும் போட்டு ஏதோ ஒன்று கிண்டினான். பாயாசம் என்று சொன்னான், நாங்களும் நம்பினோம்.

குணம், உண்மையைச் சொல்கிறேன். ஞானம் போன பிறகு எனக்குள் ஒரு பயம் இருந்தது. நீர் எழுதின அந்தக் கரிச்சட்டியை வாசித்தபோது அது கொஞ்சம் இறங்கியது. இரவு வேலையில் நிற்கும்போது அவனோடு கதைத்துக்கொண்டு நிற்கிறேன்.

இப்ப பிரளுவான் என்ன? பதில் எனக்குத் தெரியும், இருந்தாலும் நீர் இல்லையென்று எழுதும், நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
இராசநாயகம்


தொண்டைமானாறு
10.08.1978

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சுகமென்று அறிந்து ஆறுதல். மச்சாளுக்கு முழங்கால் நோ, மற்றும்படி சுகம். என் சுகத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து தனியே வாசியுங்கள். இதில் நான் ஒன்றையும் மாற்றி எழுதவில்லை.

நேற்று ஆறு மாதச் சோதனை. வழக்கம்போல் பெரிய சனம். எனக்கு முன்னுக்கு இருந்தவளின் பெட்டைக் குழந்தை பிச்சையனுக்கு ஒரு கிழமை இளையவள். தாய் வழக்கம்போல் "உவள் ஒண்டுக்கும் உதவாள் அக்கா" என்று சொல்ல, அவள் மேசையில் நிமிர்ந்து இருந்து தராசுக் கல்லை வாயில் வைக்கப் பார்த்தாள். எல்லாரும் சிரித்தோம். பிறகு என் முறை.

"தலை நிக்குதோ?" என்று மக்டலீன் அக்கா கேட்டா.

"இல்லை அக்கா," என்றேன் சிரித்துக்கொண்டு.

"பிரளுறானோ?"

"எங்கை! போட்ட இடத்திலை கிடப்பான்."

அவவும் சிரித்தா. சிரித்துக்கொண்டே அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்து மெல்லத் தூக்கி இருத்தப் பார்த்தா. உடம்பு வந்தது, தலை வரவில்லை. பின்னுக்கே தொங்கியது. திரும்பக் கிடத்தி இன்னொருக்கால் தூக்கினா. அப்போது அவ சிரிப்பை நிற்பாட்டிவிட்டா. கமக்கட்டில் பிடித்து நிறுத்தினா. கால் இரண்டும் கத்தரிக்கோல்போல் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொண்டன. பொத்தியிருந்த கையை விரித்துப் பார்த்தா. பெருவிரல் உள்ளே மடிந்திருந்தது. விட்டதும் திரும்பப் பொத்திக்கொண்டான்.

"பிள்ளை, இப்ப நான் கேக்கிறதுக்கு உண்மையைச் சொல்லும். வீட்டிலை எப்பவாவது தலை நிண்டதோ?"

"இல்லை," என்றேன். முன்பு சொன்ன அதே சொல்தான். ஆனால் இந்த முறை சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

அத்தான், பஸ்ஸில் வரும்போது முழுக்க இதைத்தான் யோசித்தேன். சித்திரையில் நான் உங்களுக்கு எழுதினேனே, தலை நிற்காது, விரலைப் பிடிக்கமாட்டான், பால் கடைவாயால் போகும் என்று. எழுதும்போது சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். ஆனால் அவை எல்லாம் அப்போதே அப்படித்தானே இருந்தன? பொய் எழுதுகிறேன் என்று நினைத்து உண்மையை எழுதியிருக்கிறேன். கிளினிக்கிலும் பொய் சொல்கிறேன் என்று நினைத்து உண்மையைச் சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்டால் "ஒன்றும் செய்யமாட்டான்" என்று சொல்லிச் சொல்லி, அவன் உண்மையிலேயே ஒன்றும் செய்யாததை நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லையோ தெரியாது. ஒரு தாய்க்கு இது தெரியாமல் போகுமோ? என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

பெரியாஸ்பத்திரியில் காட்டச் சொல்லி மக்டலீன் அக்கா துண்டு தந்திருக்கிறா. போகப் போகிறேன். எனக்குப் பயமாயிருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது.

என் சுகம் இவ்வளவுதான்.

உங்கள்
குணலட்சுமி


ஜெனோவா துறைமுகம்
02.10.1978

அன்பின் குணம்,

சுகம், சுகம், சுகத்துக்கு ஒரு குறையுமில்லை. அக்காவின் முழங்காலுக்கு யாகப்பு ஒரு தைலம் தந்திருக்கிறான், வருகிற ஆளிடம் அனுப்புகிறேன்.

உம்மை நான் சாதாரணமாக நினைத்திருந்தேன். நீர் இவ்வளவு கெட்டிக்காரி என்று தெரியாது. "தனியே வாசியுங்கள்" என்று எழுதினால் இவங்கள் விடுவாங்களோ? சூசைதாசன் பறித்து அவனே வாசித்தான். தராசுக் கல்லும், தலை தொங்கினதும், கத்தரிக்கோல் காலும்! "இதில் நான் ஒன்றையும் மாற்றி எழுதவில்லை" என்று எழுதினீரே, அந்த இடத்தில் கூட்டம் மேசையில் அடித்துச் சிரித்தது. மாற்றி எழுதுகிறவள் எப்படி எழுதுவாள்? அப்படித்தானே எழுதுவாள்! காலைப் பின்னி நிற்கிறான் என்றால் எழும்பி நிற்கப் பார்க்கிறான் என்று சூசைதாசன் சொல்கிறான். ஆறு மாதத்தில் நிற்கிறவனை நான் கேள்விப்பட்டதே இல்லை.

தச்சு வேலை தெரிந்த ஒரு பிலிப்பினோ இருக்கிறான். அவனைக் கொண்டு பெட்டிப் பலகையில் ஒரு நடைவண்டி செய்வித்தேன். மூன்று சில்லு. பிடிக்கிற தடியை நானே சீவித் தேய்த்து, ஒரு சிராயும் குத்தாதபடி என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வல்வெட்டித்துறைப் பொடியன் ஒருவன் இறங்கிப் போகிறான். அவன் கொண்டுவந்து தருவான்.

பெரியாஸ்பத்திரி என்று எழுதினதை மட்டும் இனி விடும். விளையாட்டுக்கும் அந்தப் பெயர் வேண்டாம்.

அன்புடன்,
இராசநாயகம்


தொண்டைமானாறு
14.11.1978

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் மேசையில் அடித்துச் சிரித்ததை வாசித்தேன். அன்றைக்குத்தான் பெரியாஸ்பத்திரியால் வந்திருந்தேன். மூன்றாம் முறை. உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு அந்தக் கோபமும் போய்விட்டது. நீங்கள் சொல்லித் தந்தபடிதான் நான் எழுதினேன், நீங்கள் சொல்லித் தந்தபடிதான் நீங்கள் வாசித்தீர்கள். யாரை நோவது?

டாக்குத்தர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிறந்ததும் அழப் பிந்தினானோ என்று கேட்டார். பிந்தினான். மூச்சு வர நேரமெடுத்தது, முதுகில் தட்டித்தான் அழவைத்தார்கள். அந்த நேரத்தில் மூளையில் பட்டிருக்கிறதாம். மருந்தில்லை. கைகால்களை விறைக்க விடாமல் உருவிவிட வேண்டும். "நடப்பானோ ஐயா?" என்று கேட்டேன். "அம்மா, முதலில் இருப்பானோ என்று பார்ப்பம்," என்றார். நல்ல மனுசன், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

நீங்கள் நம்புவதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? படம் எடுத்து அனுப்பட்டோ? நான் கையைப் பின்னால் வைத்துத் தலையைப் பிடிக்காமல் எடுத்தால் தெரியும். வேண்டாமென்றால் விடுங்கள். கீழே மச்சாள் எழுதுகிறா, அவவையாவது நம்புங்கள்.

*தம்பி, குணம் எழுதுகிறது எல்லாம் சரி. பிள்ளைக்கு ஒன்றும் சரியில்லை. நான் நேராத கோயில் இல்லை. — மகாதேவி அக்கா*

இதையும் வாசித்துவிட்டு, அக்காவையும் கூட்டுச் சேர்த்துவிட்டாள் என்று சிரிப்பீர்கள். ஆகையால் இன்னும் ஒன்று எழுதுகிறேன். எங்கள் ஞானத்தின்மேல் ஆணை. அவள் கிடக்கிற மண்ணின்மேல் ஆணை. நான் மாற்றி எழுதவில்லை.

மாசியில் வந்துவிடுங்கள். வேறொன்றும் வேண்டாம். இரவில் இவனைப் பார்த்துக்கொண்டு நான் ஒருத்தியாக விழித்திருக்கிறேன். இன்னொருவரும் விழித்திருந்தால் எனக்குப் போதும்.

உங்கள்
குணலட்சுமி


சன்டோஸ் துறைமுகம், பிரேசில்
18.02.1979

அன்பின் குணம்,

எனக்குச் சுகம். வீட்டில் எல்லாரும் சுகமென்று நினைக்கிறேன். பதில் எழுதப் பிந்திவிட்டது, வேலை அதிகம்.

இங்கே கோப்பி மூட்டை ஏற்றுகிறோம். வெயில் கடுமை. கப்பல் முழுக்கத் துரு சுரண்டி மை அடிக்கச் சொல்லிவிட்டார்கள். காலையில் தொடங்கினால் பொழுதுபட்டும் விடாது. யாகப்புவுக்குப் பல்வலி. கன்னம் வீங்கி இரண்டு நாள் சமையல் இல்லை, பாணும் வெண்ணெயும்தான். இந்த ஊரில் மாம்பழம் நன்றாயிருக்கிறது. ஆனால் எங்கடை கறுத்தக்கொழும்பானுக்குக் கிட்ட வராது.

இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன். கப்டன் கேட்டார், மறுக்க முடியவில்லை. இப்போது இறங்கினால் பிறகு இடம் கிடைப்பது கஷ்டம். நீர் கோபிக்கக் கூடாது.

வீட்டுக் கூரைக்குப் பின்பக்கம் கிடுகு மாற்ற வேண்டும், மழைக்கு முந்திச் செய்வியும். அக்காவின் முழங்கால் எப்படி?

அன்புடன்,
இராசநாயகம்

நடைவண்டி வந்து சேர்ந்ததோ? சில்லுக்குத் தேங்காய் எண்ணெய் விடவும். இல்லாவிட்டால் கீச்சிடும்.


தொண்டைமானாறு
02.04.1979

அன்புள்ள அத்தானுக்கு,

நான் மிகவும் சுகம். நீங்கள் சுகம் என்று எழுதினது கண்டு மகிழ்ச்சி. யாகப்பு அண்ணையின் பல்வலி மாறியிருக்கும்.

கார்த்திகையில் எழுதினேன். மார்கழி, தை, மாசி என்று முற்றத்தில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் ஓடி வந்தேன். வந்த கடிதத்தில் மாம்பழத்துக்கு இடமிருந்தது, பல்லுக்கு இடமிருந்தது. கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். வண்டிச் சில்லுக்கு எண்ணெய் விடச் சொல்லியிருந்தீர்கள்.

கெட்டதை எழுதினால் நீங்கள் நம்புவதில்லை. ஆகவே இன்றைக்கு நல்லதை எழுதுகிறேன். கட்டளையை நான் மீறுகிறேன். எல்லாரையும் கூப்பிட்டு உரத்து வாசியுங்கள்.

உங்கள் மகன் கனகரத்தினம் ராசாமாதிரி இருக்கிறான். ஊரில் அவனைப்போல் அழகன் இல்லை. பத்து மாதத்தில் எழும்பி நின்றான். பதினொன்றில் நடந்தான். இப்போது ஓடுகிறான். உங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரைக்கும் போய்விட்டான், நான் பின்னால் ஓடிப் பிடித்து வந்தேன். சோறு தானே அள்ளித் தின்கிறான். அப்பா என்கிறான், மாமி என்கிறான், காகத்தைக் கண்டால் கா என்கிறான். கிளினிக்கில் மக்டலீன் அக்கா இவனை மேசையில் நிறுத்தி மற்றத் தாய்மாருக்குக் காட்டுகிறா. "இப்பிடி ஒரு பிள்ளையை நான் கண்டதில்லை" என்கிறா. போகிற வருகிறவர்கள் எல்லாரும் கண் வைக்கிறார்கள். நாங்கள் பொட்டும் வைப்பதில்லை, மிளகாய் சுற்றிப் போடுவதும் இல்லை. தேருக்குத் தோளில் வைத்துக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டுவேன்.

கிடுகு மாற்றியாயிற்று.

உங்கள்
குணலட்சுமி


றொட்டர்டாம் துறைமுகம்
29.05.1979

குணம்,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

உம்முடைய கடிதம் வந்தபோது நாங்கள் சாப்பாட்டுக்கு இருந்தோம். கார்த்திகைக் கடிதத்தை நான் யாருக்கும் வாசிக்கவில்லை. தலையணைக்குக் கீழேதான் கிடந்தது. அதிலிருந்து இவங்களுக்கு ஒரு கடிதமும் இல்லாததால் விடவில்லை. "மருமகன் என்ன செய்யிறானாம்? வாசி, வாசி" என்றான் சூசைதாசன்.

நான் வாசித்தேன். ராசாமாதிரி இருக்கிறான் என்று வாசித்தேன். பத்து மாதத்தில் நின்றான், ஓடுகிறான் என்று வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஒருவரும் சிரிக்கவில்லை. கரண்டியை மேசையில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எங்கடை ஊரில் பிள்ளையை இப்படிப் புகழ்ந்து எந்தத் தாய் எழுதுவாள்? அது அவங்கள் எல்லாருக்கும் தெரியும். பாலத்தடி வரிக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். சூசைதாசன் எழும்பி வந்து கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து, என் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு பக்கத்திலேயே இருந்தான். யாகப்பு என் கோப்பையைக் கழுவி வைத்தான்.

ஞானத்தின்மேல் ஆணையிட்டு எழுதினவளுக்கு நான் மாம்பழத்தைப் பற்றி எழுதினேன். வீட்டுக்கு வந்தால் அவனை நான் பார்க்க வேண்டி வரும், குணம். இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்து வைத்ததற்கு அவ்வளவுதான் காரணம்.

கப்டனிடம் கேட்டேன். மாற்று ஆள் கிடைக்காமல் இறக்க முடியாது என்கிறார். சிங்கப்பூர் போகும்போது பார்க்கலாம் என்கிறார். எப்போது போகுமென்று தெரியாது. தினமும் போய்க் கேட்கிறேன்.

இனி எனக்கு எதையும் மாற்றி எழுத வேண்டாம். இருக்கிறதை இருக்கிறபடி எழுதும், நான் தனியே வாசிப்பேன். அவனுக்கு நோகுமோ? உம்மை அவனுக்குத் தெரியுமோ? ஒரு முறையாவது சிரித்தானோ?

இராசநாயகம்


தொண்டைமானாறு
25.06.1979

அன்புள்ள அத்தானுக்கு,

மச்சாள் சுகம். நான் உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து ஒரு மாதிரிச் சுகம். உங்கள் சுகத்தையும் எழுதுங்கள், விடாமல் எழுதுங்கள்.

முந்தநாள் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். போகத்தான் வேண்டுமோ என்று மச்சாள் கேட்டா. நிறுக்கிறதற்குத்தானே, மற்றப் பிள்ளைகளைப்போல் அவனையும் நிறுக்கட்டும் என்றேன். வாங்கிலில் இருந்த தாய்மார் எனக்கு இடம் விட்டு விலகி இருந்தார்கள். என் முன்னால் இப்போது ஒருத்தியும் தன் பிள்ளை ஒன்றும் செய்யமாட்டான் என்று சொல்வதில்லை. வாயில் வந்ததை விழுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. மக்டலீன் அக்காவும் என்னிடம் கேள்வி கேட்பதில்லை. நிறுக்கிறா, எழுதுகிறா, கன்னத்தைத் தடவித் தருகிறா. முழு வருடத்தில் இவன் ஏறினது கொஞ்சம்தான்.

நீங்கள் கேட்டதற்கு எழுதுகிறேன். நோகும். காலையில் கால்களை உருவும்போது நோகும், அழுவான். நானும் அழுதுகொண்டுதான் உருவுகிறேன். இருக்கமாட்டான். வண்டியைப் பிடிக்கமாட்டான். டாக்குத்தர் இனி வருடத்துக்கு ஒருமுறை கொண்டுவந்தால் போதும் என்றுவிட்டார். அதன் பொருள் எனக்கு விளங்கியது. சில இரவுகளில் இவன் எனக்கு முந்திப் போய்விட வேண்டும் என்று கும்பிடுகிறேன். விடிந்ததும் அதற்காகவும் மன்னிப்புக் கேட்டுக் கும்பிடுகிறேன். ஞானத்துக்காக நான் ஒரு முறை அழுதேன். இவனுக்காக ஒவ்வொரு நாளும் விடியவிடிய அழ வேண்டியிருக்கிறது.

என்னைத் தெரியும். மச்சாள் தூக்கினால் ஒரு அழுகை, நான் தூக்கினால் வேறு மாதிரி.

சிரிப்பான். மூன்று மாதத்தில் நான் எழுதின முதல் கடிதத்தில் "சிரிக்கமாட்டான்" என்று எழுதினேன் அல்லவோ? அந்தக் கடிதத்தில் அது ஒன்றுதான் உண்மையில் மாற்றி எழுதினது. அப்போதும் சிரித்தான், இப்போதும் சிரிக்கிறான். உங்கள் வண்டியைக் கவிழ்த்துப்போட்டுச் சில்லை நான் கையால் சுற்றிவிடுவேன். கீச்சென்று கத்தும். அதற்கு வாய் கோணி, உடம்பு முழுக்கக் குலுங்கச் சிரிப்பான். அதனால்தான் இதுவரை நான் எண்ணெய் விடவில்லை.

இதை நான் மாற்றி எழுதவில்லை. ஆனால் இதை உங்களுக்கு எப்படி நம்பவைக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, அத்தான். கெட்டதைச் சொன்னபோது சிரித்தீர்கள். நல்லது ஒன்றைச் சொல்லும்போது இனி அழுவீர்களோ என்று பயமாயிருக்கிறது. வந்து பாருங்கள், வேறு வழியில்லை.

எழுதினதை மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழும்பி அடுப்படிக்குப் போனா. செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துக்கொண்டு வருகிறா, பிள்ளைக்குச் சுற்றிப் போட. கனகாலத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவனைப் பற்றி நாவூறு படக்கூடிய உண்மை ஒன்றை எழுதியிருக்கிறேன்.

உங்கள்
குணலட்சுமி